நாரைப் பெண்ணின் அறைக்கு வெளித்தாழ்ப்பாள்

ஜனவரி 9

தங்கைக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் சுகத்தையும் மாப்பிள்ளை சுகத்தையும் எழுது.

நேற்றுப் பதிப்பாளர் பிழைதிருத்தும் அறைக்கே வந்து என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். பதினெட்டு வருஷமாக அந்த அறையில் இருக்கிறேன், அவர் அங்கே உட்கார்ந்தது இது இரண்டாம் தடவை. "மூணாம் பாகம் எப்ப சார்? அம்மா எழுதிட்டாங்களா?" என்றார். அம்மா என்றால் நீ. பாதி எழுதியவன் முகத்துக்கு நேரே கேட்கிறார். "மாயக்கதைன்னா பொம்பளை பேரு இருந்தாத்தான் எடுப்பாங்க சார்" என்று அவர் சொன்னபோது தலையாட்டிய முட்டாள் நான்தான். இரண்டு பாகத்துக்கும் அட்டையில் உன் பெயர் மட்டும். நீயாவது மறுத்துப் பேசியிருக்கலாம். வெளியீட்டு விழாவில் நீ மேடையில், நான் மூன்றாம் வரிசையில், மடியில் உன் கைப்பை. பக்கத்து நாற்காலி அம்மாள், "நீங்க அவங்க டிரைவருங்களா?" என்று கேட்டாள். ஆறு வருஷம் ஆயிற்று. மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

போன வாரம் ஒரு வாசகர் கடிதம் வந்தது. முதல் பாகத்தில் மீனவனுக்கு ரகசியச் செய்தி போகிறதே, அதைப் புகழ்ந்து நான்கு பக்கம். ஏற்றாத காகித விளக்கு வாசலில் தொங்கினால் வீட்டுக்குப் பின்னால் படகு நிற்கிறது, விளக்குக்கு எத்தனை மூங்கில் விலாவோ அதுதான் தேதி. அம்மையார் என்னமாய் யோசித்திருக்கிறார் என்று உருகியிருந்தான். அது யார் யோசனை என்று உனக்குத் தெரியும்.

சரி, வேலை. ஜப்பானிய மரபுக் கதைகளில் மூன்றை, பாகத்துக்கு ஒன்றாக, எடுத்தோம். கடலடி அரண்மனைக்குப் போன மீனவனுக்குப் பெட்டியைத் திறக்காதே என்று கட்டளை. பனிப்பெண் உயிரோடு விட்டவனுக்கு வாயைத் திறக்காதே என்று கட்டளை. மூன்றாவது நாரைப் பெண். அம்பு பட்ட நாரையை ஓர் ஏழை காப்பாற்றுகிறான். அது பெண்ணாக வந்து அவனுக்கு மனைவியாகிறது. மூடிய அறையில் தன் இறகையே பிடுங்கித் துணி நெய்கிறது. கதவைத் திறக்காதே என்பது கட்டளை. அவன் திறக்கிறான். அவள் பறந்துவிடுகிறாள். வழக்கம்போல அவள் வரும் இடங்கள் உனக்கு, மற்றவை எனக்கு. அச்சக விதியும் வழக்கம்போலத்தான்: நான் சிவப்பில் அடித்தால் வரி போயிற்று. அடித்த வரிக்குக் கீழே புள்ளி வரிசை வைத்தால் 'இருக்கட்டும்' என்று பொருள். அந்தப் புள்ளியை நீ இதுவரை வைத்ததில்லை, இனியும் தேவைப்படாது.

அண்ணன்

*

ஜனவரி 28

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்காராதே. இங்கே இருவரும் நலம்.

வீட்டுப் போன் இணைப்பை எடுத்துவிட்டோம். தேவையில்லை என்று அவர் நினைக்கிறார், எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அல்லவா, வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. உன் உறையை அவர்தான் பிரித்துத் தருகிறார். நான் எழுதுவதையும் வாசித்துவிட்டுத்தான் ஒட்டுவார். கதைத்தாளை மட்டும் தொடமாட்டார். "பறவை பொண்ணாகுதாம், பொண்ணு பறவையாகுதாம், இதுக்கு மூணு புஸ்தகம்" என்று தள்ளிவிடுவார். ஆகவே கதைத்தாளை நீ நிதானமாகப் படி அண்ணா. அவசரமில்லாமல் படி.

கையெழுத்து கோணலாக இருக்கும். மணிக்கட்டு கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. என் கவனக்குறைவு.

அன்றைக்கு மேடையில் உன் பெயரைச் சொல்லத்தான் எழுந்தேன். மைக்கை வாங்கிவிட்டார்கள். இதை ஆறு வருஷமாகச் சொல்கிறேன்.

இரண்டாம் அத்தியாயம் இத்துடன்.

தங்கை

மச்சானுக்கு வணக்கம். ஒட்டுறதுக்கு முன்னாடி நானும் ரெண்டு வரி எழுதுறேன். இங்க எல்லாம் ஒழுங்கா இருக்கு. கவலைப்பட ஒண்ணும் இல்ல.

*

பிப்ரவரி 15

தங்கைக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், பிரயோசனமில்லை.

அத்தியாயத்தை நீ சொன்னபடியே நிதானமாகப் படித்தேன். இப்படி எழுதியிருக்கிறாய்: 'அவள் நெய்யும் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அவன் வெளியே போகும்போது அதைப் போட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்ததும் எத்தனை முழம் ஆயிற்று என்று அளந்தான். குறைந்தால் இறகைத் தன் கையாலேயே பிடுங்கினான்.' நான்கு வரி, நான்கு பிழை. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கவேண்டும். அதை அவளே போட்டுக்கொள்கிறாள். அவன் நல்லவன், ஆனால் பலவீனன். அவனைக் கெடுப்பது ஆவல், கொடுமை அல்ல. இறகை அவள் தானாகப் பிடுங்கித் தருகிறாள், அதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. நான்கையும் அடித்துவிட்டேன்.

நாரைக்குக் காயம் அம்பால் வந்தது. கதவிடுக்கில் சிறகு மாட்டுவதெல்லாம் மலிவான பரிதாபம். உன் மணிக்கட்டு நோகிறது என்பதற்காக நாரைக்கும் நோகவேண்டுமா?

முதல் பக்கத்தில் பனி உருகி ஓடை பெருகுகிறது. ஆறாம் பக்கத்தில் முற்றத்துப் பனியில் கால்தடம். உருகின பனியில் எவள் நடந்தாள்? இந்தத் தப்பைப் பத்து வயதிலிருந்து செய்கிறாய்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அண்ணன்

*

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் நலம்.

பனியைச் சரிசெய்துவிட்டேன். மற்றவையும் நீ சொன்னபடியே. அந்த நான்கு வரிக்குக் கீழே மட்டும் புள்ளி வைத்து, பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு பாகத்திலும் ஒரு தடவைகூட வைக்காதவள் இப்போது ஏன் வைக்கிறாள் என்று யோசித்துப் பார். மூன்றாம் அத்தியாயமும் இருக்கிறது.

அப்பா துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த படப்புத்தகம் நினைவிருக்கிறதா? அந்த ஜப்பானிய எழுத்து நமக்குத் தெரியாததால் படத்தைப் பார்த்து நீயே கதை கட்டிச் சொல்வாய். நாரைப் படத்தில் கதவு மூடியிருந்தது. "உள்ள இருக்கிறவ எப்படி வெளிய வருவா?" என்று கேட்டேன். "அவ அண்ணன் வந்து திறப்பான்" என்றாய். அந்தக் கதையில் அண்ணனே கிடையாது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த அண்ணனை நம் மூன்றாம் பாகத்தில் சேர்த்தால் என்ன? யோசித்துச் சொல். சீக்கிரம் சொல்.

நண்டு
(நீ இப்போது அப்படிக் கூப்பிடுவதில்லை.)

*

மார்ச் 20

தங்கைக்கு,

சுகம். பதிப்பாளருக்குத்தான் ரத்த அழுத்தமாம், தினமும் வந்து சொல்கிறார்.

அண்ணனைச் சேர்ப்பதாவது! நூற்றாண்டுகளாக அண்ணன் இல்லாமல் நின்ற கதை. தவிரவும், அண்ணன்கள் கைப்பை பிடிக்கத்தான் லாயக்கு என்று ஆறு வருஷம் முன்பே முடிவாகிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்ன சமாதானத்தைத் தூக்கிக்கொண்டு வராதே.

நான்கு வரியை மறுபடி அடித்திருக்கிறேன். இனிப் புள்ளி வைக்கும் உரிமை திருத்துகிறவனுக்கு, எழுதுகிறவருக்கு அல்ல.

மூன்றாம் அத்தியாயம் இன்னும் மோசம். அவனை அரிசிக் கிடங்குக்குக் காவல்காரன் ஆக்கியிருக்கிறாய். விருந்தாளி வந்தால் சிரிக்கிறான், போனதும் கதவைச் சாத்துகிறான். மாப்பிள்ளை கதை படிக்காதவராக இருப்பது உன் அதிர்ஷ்டம். கிடங்கு, முழக்கோல், வெளித்தாழ்ப்பாள், கண்ணில் பட்டால் "என்னையாடி எழுதுற?" என்று கேட்கமாட்டாரா? மாப்பிள்ளை, இதை முதலில் வாசிப்பது நீங்கள்தானே, உங்கள் மனைவியின் கதாநாயகனை ஒருதரம் புரட்டிப் பாருங்கள். உங்களுக்கே சிரிப்பு வரும்.

அடுத்த அத்தியாயம் ஒழுங்காக வரட்டும்.

அண்ணன்

*

மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் சுட்டிக்காட்டிய குறைகளை எல்லாம் நீக்கி மூன்று அத்தியாயங்களையும் புதிதாக எழுதியிருக்கிறேன். நாரைப் பெண் சந்தோஷமாக இருக்கிறாள். அறைக்குத் தாழ்ப்பாளே இல்லை.

தங்கை

மச்சானுக்கு வணக்கம். நீங்க சொன்னதாலதான் படிச்சேன். சிரிப்பு வரல. ஆனா நல்ல வேளை சொன்னீங்க. இனிமே ஒவ்வொரு தாளும் என் கண்ணுல பட்டுட்டுத்தான் வரும். பழைய தாளெல்லாம் அடுப்புக்குப் போயிடுச்சு. இப்ப கதை எவ்வளவோ தேவலை, இல்லையா?

*

மே 11

ஐயா,

நான் உங்க தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்து வீடு. தையல்கடை வச்சிருக்கேன். கடிதம் எழுதிப் பழக்கமில்ல. தப்பிருந்தா நீங்க திருத்திக்குங்க, அதுதான் உங்க வேலைன்னு அவ சொன்னா.

அவ நல்லா இல்ல. பகல்ல அவன் வேலைக்குப் போகும்போது ரூமை வெளிய தாழ் போட்டுட்டுப் போறான். சாயங்காலம் துணி காயப்போட மட்டும் விடுறான், அவனும் கூடவே நிக்கிறான். நாங்க செவுத்துக்கு ரெண்டு பக்கமும் நின்னு துணிய உதறிக்கிட்டே ஒவ்வொரு வார்த்தையா பேசிக்குவோம். உங்க விலாசத்த எட்டு நாள்ல சொல்லி முடிச்சா. சாக்கட்டியால பாவாடைத் துணியில எழுதிக்கிட்டேன்.

ஏப்ரல்ல ஏதோ ஒரு கடுதாசி வந்துச்சாம். அன்னிக்கு அவ இடது கை ரெண்டு விரல ஒடிச்சிட்டான். எழுதுற கைய விட்டுட்டான், சந்தோஷமா கத எழுதணுமாம்.

போலீசுல சொன்னேன். குடும்ப விஷயம்மா, அந்தப் பொண்ணே வந்து எழுதிக் குடுக்கட்டும்னு அனுப்பிட்டாங்க. தாழ் போட்டிருக்கிறவ எப்படி வந்து எழுதிக் குடுப்பா?

சும்மா வந்து கத்திட்டுப் போயிடாதீங்க. நீங்க ரயிலேறினதும் அவ தனியா மாட்டுவா. மாசாமாசம் பத்தொம்பதாந்தேதி பெரிய ஆபீசுல இருந்து வந்து கிடங்க சோதிப்பாங்க. அன்னிக்கு விடியக்கால போனா இருட்டித்தான் வருவான்.

உங்கண்ணன் என்ன பண்றாருன்னு ஒருநாள் கேட்டேன். "கத எழுதுவாரு. படிக்கத்தான் தெரியாது"ன்னு சொன்னா. எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியுமோ என்னவோ.

*

மே 17

தையற்காரம்மாவுக்கு,

புரிந்தது. உங்கள் கடிதத்தில் திருத்த ஒன்றுமில்லை.

ஏப்ரலில் வந்த அந்தக் கடிதத்தை மார்ச்சில் எழுதியவன் நான். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். அவள் நான்கே வரியில் எல்லாம் சொல்லியிருந்தாள். அதைக் கதைக்குப் பொருந்தவில்லை என்று இரண்டு தடவை அடித்தேன். பிறகு அதை நானே மாப்பிள்ளை கையில் எடுத்துக்கொடுத்தேன். பனிப்பெண் கதையில் வாயைத் திறந்து கெடுத்தவனைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியவன் நான்.

இந்த மாதப் பத்தொன்பதுக்கு நேரமில்லை. ஜூன் 19 காலை பத்து மணிக்குப் பின்சந்தில் நிற்பேன். அவளுக்கு இதைக் கதைத்தாளிலேயே தெரிவிக்கிறேன். அவர் படிப்பார், ஆனால் முதல் பாகத்தைப் படிக்காதவருக்கு விளங்காது. அதுவரை அந்தச் சுவரை விட்டுவிடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் யாரையும் கெஞ்சிப் பழக்கமில்லாதவன்.

*

மே 30

தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

நலம், நலமே விழைகிறேன். புதிய அத்தியாயங்கள் அருமை. மாப்பிள்ளையின் கைபட்டதும் கதை தெளிந்துவிட்டது. என் பங்குக்கு ஓர் அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். சின்ன விஷயம்தான், சந்தைக் காட்சி. அதில் வரும் ஒரு பத்தி:

'பனி உருகி மூன்று வாரம் ஆகியிருந்தது. தெருக்கோடி வியாபாரி புது விளக்கு ஒன்றை வாசலில் தொங்கவிட்டான். பத்தொன்பது விலா வைத்த காகித விளக்கு. ஏற்றவில்லை; காலைப் பத்து மணிக்கு விளக்கு எதற்கு?'

தங்கை படித்து, பிடித்திருந்தால் சொல்லட்டும். பிடிக்காவிட்டாலும் குற்றமில்லை.

அண்ணன்

*

ஜூன் 24

நண்டு,

நீ எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் சுகம் விசாரிக்கிறேன். தையற்காரம்மாவின் கடை பூட்டிக் கிடக்கிறது. இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். நீ சுவருக்கு அந்தப் பக்கம் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பின்சந்தில் நின்றேன். கேட்டைத் திறந்தது அவர்.

"வாங்க மச்சான். பின்னாடி என்ன வேலை? முன்வாசல் இருக்கே."

சலவைச் சட்டை, வாரின தலை. "லீவு போட்டுட்டேன். உங்களுக்காகத்தான்" என்று தோளில் கைபோட்டு முன்அறைக்கு அழைத்துப் போனார். மேஜையில் நம் இரண்டு பாகமும் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு செருகியிருந்தது.

"கிடங்குல புதுச் சரக்கு வந்தா பழைய சீட்டோட ஒத்துப் பார்ப்போம் மச்சான். அதான் முதல் ரெண்டையும் வாங்கிப் படிச்சேன். பத்தொம்போது விலா. நானும் எண்ணிட்டேன்."

"தங்கச்சி எங்க?"

"தூங்குனா. எழுப்பி டீ போடச் சொல்லியிருக்கேன். அண்ணன் வந்திருக்கார்ல?"

அப்போது நான் எழுந்திருக்க வேண்டும். அவரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்திருக்க வேண்டும். நாற்காலியைப் பிடித்து எழப் போனேன், முழங்கால் மடங்கியது. அவர் சிரித்துக்கொண்டு, "உக்காருங்க. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. ரெண்டாம் பாகம் சுமார்தான். அவ எழுதுன இடமெல்லாம் ஓடுது, நீங்க எழுதுன இடம் இழுக்குது" என்றார்.

நண்டு, நான் என்ன கேட்டேன் தெரியுமா? "நான் எழுதுனது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் இருபத்தேழாம் பக்கத்தைப் பிரித்தார். பனிப்பெண் அவனை ஏன் கொல்லாமல் விடுகிறாள், காரணமே இல்லையே என்றார். காரணம் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது என்றேன். இல்லை என்றார். எடுத்துக் காட்டினேன். அது காரணமில்லை, சால்ஜாப்பு என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஆறு வருஷத்தில் என் பக்கங்களைப் பற்றி என்னிடம் பேசிய முதல் ஆள் அவர்தான். முக்கால் மணி நேரம் அந்த மனிதனோடு இலக்கியம் பேசினேன். நடுவில் சமையலறை வாசலில் இரண்டு டம்ளர் வந்தன. உன் விரல்கள் தெரிந்தன, இரண்டில் துணி சுற்றியிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும், "அப்படின்னா அம்பத்தி நாலாம் பக்கத்துக்கு என்ன சொல்றீங்க?" என்றுதான் என் வாய் கேட்டது.

பிறகு உன் முகத்தையாவது பார்க்கலாம் என்று இன்னொரு டீ கேட்டேன். அவர் குரல் கொடுத்தார். டீ வரவில்லை. பால் தீயும் வாசனைதான் வந்தது.

அவர் உள்ளே ஓடினார். பின்கதவு திறந்து கிடந்ததையும் சுவரோரம் ஸ்டூல் நின்றதையும் நானும் பார்த்தேன். "எங்க அனுப்புனீங்க?" என்றார். "தெரியாது" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே நல்ல பதில் அதுதான், அதுவும் நிஜமாகத் தெரியாததால். என் மூக்குக்கண்ணாடி உடைந்தது அப்போதுதான்.

ஐந்து நாளாக ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நிற்கிறேன். கண்ணாடி இல்லாததால் எல்லாப் பெண்களும் நீயாகத் தெரிகிறார்கள்.

வீட்டுக்கு வந்துவிடு. உன் அறையில் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது.

அண்ணன்

*

ஆகஸ்ட் 14

அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். வெறும் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, இந்த முறை நிஜம். விரல்கள் கூடிவிட்டன, கொஞ்சம் வளைவாக.

தையல் அக்கா கொண்டுவந்து விட்ட இடத்தில் பத்துப் பெண்கள் இருக்கிறோம். எனக்குத் தனி அறை. முதல் வாரம் முழுக்கத் தாழ்ப்பாளைப் போடுவதும் திறப்பதுமாக இருந்தேன். சத்தம் தாங்காமல் பக்கத்து அறைக்காரி, "அந்தத் தாழ்ப்பாள் என்னடி பாவம் பண்ணுச்சு?" என்று கத்தினாள்.

உன் கடிதத்தை அக்கா கொடுத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நடந்தது இதுதான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். நீ வந்தால் கதவை உடைத்தாவது அழைத்துப் போவாய் என்று நினைத்திருந்தேன். முன்அறையிலிருந்து இருபத்தேழாம் பக்கம், முப்பத்தொன்றாம் பக்கம் என்று உன் குரல் வந்தது. அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. உன்னை எனக்குத் தெரியும். இது முடிய ஒரு மணி நேரமாகும் என்று புரிந்தது. ஸ்டூலை எடுத்தேன்.

ஆகவே நீ வந்தது வீண் இல்லை. இதைச் சொல்லவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் வீட்டுக்கு வரவில்லை என்பாய். அவர் முதலில் அங்கேதான் தேடுவார். அது ஒரு காரணம். இன்னொன்றை நான் எழுதினால் நீ அடித்துவிடுவாய். கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன், வரவில்லை.

கடைசி அத்தியாயம் இத்துடன். இதில் சிவப்பு மை படக்கூடாது. அட்டையில் என் பெயர் வேண்டாம். பெயர் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவர் பதிப்பகத்துக்கு வருவார், அங்கிருந்து இங்கே வருவார். உன் பெயரைப் போட்டுக்கொள். உன் பெயர் மட்டும்.

முகவரி எழுதவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்.

நண்டு

*

அக்டோபர் 6

அன்புள்ள நண்டுக்கு,

அனுப்ப முகவரி இல்லாத கடிதம். ஆனாலும் பழக்கம் விடவில்லை: நான் சுகம், புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், நீ சுகமா?

பாகம் மூன்று இன்று அச்சுக்குப் போகிறது. "பொம்பளை பேரு இல்லாம எப்படி சார்?" என்று பதிப்பாளர் முகம் சுளித்தார். அட்டையின் மாதிரித் தாள் என் மேஜையில் இருக்கிறது. நடுவில் பெரிய எழுத்தில் என் பெயர், தனியாக. ஆறு வருஷமாகக் கேட்டது. அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறேன். விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நான்கு வரியும் உள்ளே இருக்கின்றன. அவர் அடுப்பில் போட்டது மற்ற தாள்களை. நீ புள்ளி வைத்த பக்கம் என்னிடம்தான் இருந்தது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது, உள்ளபடியே.

உன் கடைசி அத்தியாயத்தை நான்கு தடவை படித்தேன். படிக்க மட்டும் செய்தேன். யாரும் வந்து கதவைத் திறக்கவில்லை. அவளே வருகிறாள், முற்றத்துப் பனியில் நடக்கிறாள், கால்தடம் பாதி முற்றத்தோடு நின்றுவிடுகிறது.

பனி உருகி மூன்று வாரம் ஆகிவிட்டது நண்டு. முந்தைய அத்தியாயத்தில் அதை எழுதியவனே நான்தான். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மூடினேன்.

இருக்கட்டும்.